ஜூலை மாதத்தில் எரிந்த பாய்லர்

2014-ம் வருஷம் ஜூலை மாதம், நியூ ஜெர்ஸியில் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். வெளியே நம் ஊர் வெயில்தான், 33 டிகிரி. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவள் பையில் ஒரு கம்பளி ஸ்வெட்டரை மடித்து வைத்தாள்.

"என்னம்மா, ஊட்டிக்கா போகிறாய்?" என்று கேட்டேன்.

"ஆபீஸே ஊட்டிதான் அப்பா. எனக்குப் பக்கத்துச் சீட்டு அம்மா மேஜைக்கு அடியில் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், தெரியுமா?" என்றாள்.

நான் ஏசி தொழிலில் 34 வருஷம் இருந்தவன். கோடை காலத்தில் ஏசி போட்டு, அதற்கு அடியில் ஹீட்டரும் போட்டால் எனக்குத் தூக்கம் வருமா? ஒரு சனிக்கிழமை அவளோடு போய், அந்தக் கட்டிடத்தைப் பராமரிக்கும் மனிதரை அறிமுகம் செய்துகொண்டேன். அறுபது வயது தாண்டியவர். தொழில்காரனைத் தொழில்காரன் கண்டால் விடுவானா, ஒரு காபியைக் கையில் கொடுத்து நேரே அடித்தளத்துக்கே கூட்டிப் போய்விட்டார். அங்கே சில்லர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் பாய்லரும் ஓடிக்கொண்டிருந்தது! குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், அனல் அடித்தது. ஜூலை மாதத்தில்.

"அணைத்துப் பார்த்தீர்களா?" என்றேன். போன வருஷம் அணைத்தாராம். அரை மணி நேரத்தில் நாலாவது மாடி வடக்கு வரிசையிலிருந்து போன் மேல் போன், விரல் விறைக்கிறது என்று. மறுபடி பற்றவைத்துவிட்டாராம்.

இதைக் காலை நடையில் கூட வரும் நண்பர்களிடம் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அமெரிக்காக்காரன் முட்டாளா என்று ஒருவர் கேட்டார். முட்டாள் இல்லை. நூற்று முப்பது வருஷமாக அவர்கள் ஒரே ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிறையச் சூடு கொடுக்க அவர்களுக்குத் தெரியும். கொஞ்சமாகச் சூடு கொடுப்பது எப்படி என்பதுதான் அந்தக் கேள்வி. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கட்டிடத்துக்கு வெப்பமூட்டும் ஏற்பாடு செய்யும்போது அந்த ஊரின் மிகக் குளிரான நேரத்தை வைத்துத்தான் பாய்லரின் அளவைத் தீர்மானிப்பார்கள். வழக்கத்தில் உள்ள ஒரு கணக்குப்படி, வருஷத்தின் 8,760 மணி நேரத்தில் 99 சதவீதம் எந்த வெப்பநிலைக்கு மேலேயே இருக்கிறதோ, அதை எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் பாய்லருக்கு முழு வேலை வருஷத்தில் ஏறக்குறைய 88 மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் அது பாதி, கால், அதற்கும் குறைவான வேலைக்குத்தான் நிற்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் தினமும் இரண்டு பேருக்கு ரசம் வைக்கிற மாதிரி.

1880-களில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற சின்ன ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே வாரன் ஜான்சன் என்று ஒரு பேராசிரியர். வகுப்பறைகளுக்குச் சூடு வருவது அடித்தளத்தில் உள்ள அடுப்பிலிருந்து. எந்த அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கப் பள்ளிக்கூடத்துக் காவலாளி ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பிறகு கீழே இறங்கிப்போய் டேம்பரைத் திருப்புவார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது இப்படி ஆள் வந்து வந்து போனால் எந்த வாத்தியாருக்கும் எரிச்சல் வரும். ஜான்சனுக்கும் வந்தது. அறையின் சூடு மாறினால் அடித்தளத்தில் மணி அடிக்கிற மாதிரி ஒரு மின்கருவியைச் செய்தார். 1883-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு வருஷத்தில் மில்வாக்கி நகரில் கம்பெனி தொடங்கினார். இன்றைய ஜான்சன் கன்ட்ரோல்ஸ் அதிலிருந்து வந்ததுதான். ஆள் சும்மா இருக்கிறவர் இல்லை, கோபுரக் கடிகாரங்கள் எல்லாம் செய்திருக்கிறார்.

மணி அடித்தாலும் காவலாளிதானே ஓட வேண்டும்? அதனால் 1895-ல் இன்னொரு காப்புரிமை. இந்தத் தடவை அழுத்தக் காற்றை வைத்து, ஒவ்வொரு அறையின் தெர்மோஸ்டாட்டும் அந்தந்த அறையின் வால்வையோ டேம்பரையோ தானாகவே திறந்து மூடும் ஏற்பாடு. ஒரு கட்டிடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு மட்டும் கொடுப்பது என்ற எண்ணம் இப்படி ஒரு வாத்தியாரின் எரிச்சலில் வளர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் பெரிய கட்டிடங்களில் அழுத்தக் காற்றில் இயங்கும் தெர்மோஸ்டாட்டுகள்தான். உஸ் என்று ஒரு சன்னமான சத்தம் வரும்.

ஆனால் அன்றைக்குச் சூடு கொடுத்தது பெரும்பாலும் நீராவி. நீராவியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது 100 டிகிரி, அதற்குக் குறைந்து வராது. வெந்நீர் என்றால் 40, 50, 60 என்று நாளுக்குத் தகுந்த மாதிரி அனுப்பலாம். நீராவி ரேடியேட்டருக்கு வந்தால் முழுச் சூடு, வராவிட்டால் ஒன்றுமில்லை. லேசாகக் குளிரும் அக்டோபர் மாதத்தில் இது பெரிய தொல்லை.

போதாக்குறைக்கு 1918-ல் இன்ஃப்ளுயன்ஸா வந்தது. அதற்கு முன்பிருந்தே, அடைத்த அறைக் காற்றுதான் நோய்க்குக் காரணம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சுகாதாரக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொள்ளைநோய்க்குப் பிறகு அது கட்டளை மாதிரி ஆகிவிட்டது. எஞ்சினியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடும் குளிரில் ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்கும்படி கணக்குப் போட்டு ரேடியேட்டரையும் பாய்லரையும் பெரிதாக வைத்தார்கள். நோய்ப் பயம் போனது, ரேடியேட்டர் போகவில்லை. இன்றும் நியூயார்க்கின் பழைய கட்டிடங்களில் ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். நானே பார்த்தேன், வேறொரு பயணத்தில்.

இதற்கு அந்தக் காலத்து ஆட்கள் கண்ட ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊட்டியில் சோறு வேக நேரமாகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். குக்கருக்கு நேர் எதிர். இதையே குழாய்க்குள் செய்தார்கள். பம்ப் வைத்துக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால், நீராவி 80 டிகிரியில் வரும், இன்னும் உறிஞ்சினால் 60-க்கும் கீழே வரும். குளிருக்கு ஏற்ற நீராவி! சிகாகோவின் டன்ஹம் கம்பெனி 1920-களில் இதைப் பெரிய கட்டிடங்களுக்கு விற்றது. குழாயின் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். பத்து வருஷம் கழித்து எந்தக் கட்டிடத்தில் அப்படி இருக்கும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதை தலைகீழாகிவிட்டது. 1950-ல் ஐ.நா. தலைமைச் செயலகம், 1952-ல் லீவர் ஹவுஸ் என்று நியூயார்க்கில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன. உள்ளே நூற்றுக்கணக்கான டியூப் லைட், நூற்றுக்கணக்கான மனிதர்கள். இப்படிப்பட்ட கட்டிடத்தின் நடுப்பகுதிக்குப் பனிக்காலத்திலும் குளிர்ச்சிதான் வேண்டும், ஏனென்றால் அங்கே உண்டாகும் சூடு வெளியே போக வழியில்லை. கண்ணாடியை ஒட்டிய வடக்குப் பக்கத்துக்குச் சூடு வேண்டும். தெற்குப் பக்கத்துக்கு வெயில் அடித்தால் குளிர்ச்சி, மேகம் வந்தால் சூடு. ஒரே நாளில், ஒரே மாடியில்.

இதற்கு அவர்கள் எடுத்த சுலபமான வழி, எல்லாக் காற்றையும் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் குளிர்வித்து எல்லா அறைக்கும் ஒரே அளவாக அனுப்புவது. குளிர் வேண்டாத அறையின் வாசலில் ஒரு வெந்நீர்க் காயிலை வைத்து, அந்தக் காற்றை மறுபடி சூடாக்குவது. தொழிலில் இதை ரீஹீட் என்போம். பந்தியில் எல்லோருக்கும் ஐஸ் தண்ணீர் ஊற்றிவிட்டு, வேண்டாதவர்களுக்கு அதையே அடுப்பில் வைத்துச் சுடவைத்துக் கொடுப்பது மாதிரி. குளிர்விக்க ஒரு செலவு, சூடாக்க இன்னொரு செலவு. சூடான காற்றுக்கு ஒரு டக்ட், குளிர்ந்த காற்றுக்கு ஒரு டக்ட் என்று இரண்டையும் இழுத்து, அறைக்கு அறை கலந்து கொடுக்கும் முறையும் வந்தது. செலவில் அதுவும் இதற்கு அண்ணன் தம்பிதான். ஆனால் எந்த அறையிலும் புகார் வராது. எண்ணெயும் மலிவு. யார் கவலைப்பட்டார்கள்?

ரீஹீட்டை நான் மட்டமாகப் பேசக் கூடாது. சென்னையிலேயே அதைப் போட்டவன் நான். ஆபரேஷன் தியேட்டர், கம்ப்யூட்டர் அறை போன்ற இடங்களில் ஐப்பசி மழையில் ஈரப்பதத்தைக் குறைக்க வேண்டும் என்றால், காற்றை நன்றாகக் குளிர்வித்துத் தண்ணீரைப் பிரித்துவிட்டுப் பிறகு கொஞ்சம் சூடாக்கித்தான் அனுப்ப வேண்டும். ஏசிக்குள் ஹீட்டர் இருக்கிறது என்றால் சென்னையில் யாரும் நம்பமாட்டார்கள்.

1986-ல் ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறைக்கு மூன்று கிலோவாட் ஹீட்டர்கள் மூன்று போட்டிருந்தோம். மாதா மாதம் சர்வீஸுக்குப் போனது நான்தான். தெர்மாமீட்டர் 22 டிகிரி காட்டும், ஈரப்பதம் சரியாக இருக்கும், ஏட்டில் "திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவேன். எட்டு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் பையன் ஒருவன் விளையாட்டாக டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். மே மாதம், ஹீட்டர் மூன்றும் முழுக் கரண்டில். கான்டாக்டர் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. ஒன்பது கிலோவாட் சூட்டைக் கொடுத்து, அந்தச் சூட்டை எடுக்க கம்ப்ரஸரும் கூடுதலாக ஓடியிருக்கிறது. நாளொன்றுக்கு 280 யூனிட்டுக்கு மேல். அறையில் ஒரு டிகிரிகூட மாறவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. அந்த எட்டு மாதத்து ஏட்டில் என் கையெழுத்து எட்டு இருக்கிறது.

நியூ ஜெர்ஸி பாய்லரைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஏடுதான்.

அமெரிக்காவுக்கு இந்த விஷயம் உறைத்தது 1973 அக்டோபரில். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்தது, 1974 தொடக்கத்தில் 12 டாலருக்குப் பக்கத்தில் போனது. அடுத்த வருஷமே, 1975-ல், ஆஷ்ரே என்ற எஞ்சினியர் சங்கம் கட்டிடங்களின் எரிபொருள் சிக்கனத்துக்கு முதல் விதிமுறையை வெளியிட்டது. ஒரே காற்றைக் குளிர்வித்துச் சூடாக்குவதற்கு அதில் கட்டுப்பாடு வந்தது. 1977 பிப்ரவரியில் ஜனாதிபதி கார்ட்டர் டெலிவிஷனில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் சூட்டைக் குறையுங்கள் என்று பேசினார். 1979-ல் சட்டமே போட்டார். அலுவலகங்களில் குளிர்காலத்தில் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாக்கக் கூடாது, கோடையில் 78-க்குக் கீழே குளிர்விக்கக் கூடாது. நம் கணக்கில் 18, 25.5.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ரீஹீட் கட்டிடத்தில் கோடையில் தெர்மோஸ்டாட்டை 78-க்கு உயர்த்தினால் என்ன ஆகும்? வரும் காற்று அதே 13 டிகிரி. அறையை 78-க்குக் கொண்டுவர வெந்நீர்க் காயில் முன்னைவிட அதிகம் வேலை செய்ய வேண்டும். சிக்கனம் பண்ணப் போய்ச் செலவு கூடும். 1981 பிப்ரவரியில் ரீகன் வந்து அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்.

உண்மையான மாற்றம் வி.ஏ.வி. என்ற முறையால் வந்தது. காற்றின் அளவையே மாற்றுவது. ஒவ்வொரு பகுதிக்கும் கூரைக்கு மேல் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு டேம்பர். வெயில் ஏறினால் திறக்கும், குறைந்தால் மூடும். குளிர் வேண்டாத அறைக்குக் காற்றைக் குறைத்துவிட்டால் போயிற்று, சூடாக்க வேண்டிய அவசியமே குறையும். எழுபதுகளிலிருந்து அமெரிக்க அலுவலகங்கள் பெரும்பாலும் இதற்கு மாறின.

அப்படியானால் ஜூலையில் பாய்லர் ஏன் எரிந்தது?

டேம்பரை முழுவதும் மூட முடியாது, மனிதர்களுக்கு நல்ல காற்று வேண்டும். எவ்வளவு குறைக்கலாம்? முழு அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதே என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. சிலர் 50 கூட வைத்தார்கள். காற்று குறைந்தால் குளிர்ந்த காற்று பரவாமல் நேரே தலையில் விழும் என்ற பயம் ஒரு காரணம். பழைய கருவிகளால் அதைவிடக் குறைந்த காற்றை அளக்க முடியாது என்பது இன்னொன்று. முழு அளவு என்பதையோ, மேற்கு வெயில் உச்சத்தில் அடிக்கும்போது எல்லோரும் எல்லாக் கம்ப்யூட்டரையும் போட்டிருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துத் தீர்மானித்திருப்பார்கள். அந்தப் பெரிய அளவில் 30 சதவீதமே, சாதாரண நாளில் அறைக்கு வேண்டியதைவிட அதிகக் குளிர். அறை குளிர்ந்து போகும். தெர்மோஸ்டாட் வெந்நீர் கேட்கும். அந்தக் கொஞ்ச வெந்நீருக்காகப் பெரிய பாய்லர் எரிய வேண்டும், கட்டிடம் முழுக்க வெந்நீர் சுற்றிவர வேண்டும். வழியெல்லாம் குழாய் விடும் சூட்டை ஏசிதான் எடுக்க வேண்டும். காயிலுக்கு வெந்நீர் போகாத மேஜைகளில் ஸ்வெட்டர்.

பாய்லருக்கும் இது கேடு. லேசான வேலைக்கு இரண்டு நிமிஷம் எரிந்து அணையும், மறுபடி எரியும். ஒவ்வொரு தடவை பற்றவைக்கும் முன்பும் உள்ளே இருக்கும் காற்றை ஊதி வெளியேற்ற வேண்டும், அதோடு சூடும் போகும். கலிபோர்னியாவில் ஒரு அலுவலகக் கட்டிடத்தில் அளந்து பார்த்து 2018-ல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். எரித்த வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அறைக்குப் பயனுள்ள சூடாகப் போய்ச் சேர்ந்ததாம். மீதி பாய்லரிலும் குழாயிலும் போய்விட்டது.

குளிர்காலத்திலும் 30 சதவீத வழக்கம் சரிப்படவில்லை. கொஞ்சக் காற்றை ரொம்பச் சூடாக்கி மேலிருந்து விட்டால் அது கூரையிலேயே மிதக்கும். தெர்மோஸ்டாட் அருகே 20 டிகிரி, கால் விறைக்கும். மேஜைக்கு அடியில் ஹீட்டர் வந்தது இப்படித்தான்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்த பிறகு கலிபோர்னியாக்காரர்கள் சிலர் இந்த 30 சதவீதத்தைச் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் சொன்ன முறை சுலபம். சாதாரண நேரத்தில் காற்றை 10, 20 சதவீதம் வரை இறக்கிவிடு. அறைக்குச் சூடு வேண்டும் என்றால் முதலில் காற்றின் சூட்டை ஏற்று, ஆனால் அறையைவிட 11 டிகிரிக்கு மேல் போகாதே. அதுவும் போதாவிட்டால் அப்போதுதான் காற்றின் அளவைக் கூட்டு. குளிர்ச்சிக்கு ஒரு உச்ச அளவு, சூட்டுக்கு வேறொரு உச்ச அளவு. இரட்டை உச்சம் என்று பெயர் வைத்தார்கள்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தார் இதை யாஹூ கம்பெனியின் சன்னிவேல் வளாகத்தில் சோதித்தார்கள். சாஃப்ட்வேரில் எண்ணை மட்டும் மாற்றி, உட்கார்ந்திருப்பவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். காற்றைக் குறைத்தால் புழுக்கம் என்று புகார் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. கோடையில் குளிர்கிறது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். எரிசக்தியும் மிச்சம். இத்தனை வருஷமாக மக்கள் விறைத்தது, அவர்களுக்குக் காற்று போதாமல் போய்விடுமோ என்ற பயத்தால்! ஆஷ்ரே சங்கம் 2018-ல் வெளியிட்ட 36-ம் எண் வழிகாட்டியில் இந்த முறை இடம் பெற்றுவிட்டது. புதுக் கட்டிடங்களில் ஒரு பெரிய பாய்லருக்குப் பதிலாகச் சின்னதாக மூன்று நாலு வைத்து, வேண்டியதை மட்டும் எரிக்கிறார்கள்.

இதையெல்லாம் அப்போதே அந்தப் பராமரிப்பு மனிதருக்கு, எனக்குத் தெரிந்த அளவு ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு கூரையைத் தூக்கி ஒரு பெட்டியைக் காட்டினார். 1980-களில் போட்டது, இன்னும் அழுத்தக் காற்றில் ஓடுகிறது, உஸ் என்ற அதே சத்தம். மாடிக்கு முப்பது பெட்டி, ஆறு மாடி. எண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏணி போட்டு ஏற வேண்டும். கருவியை மாற்ற முதலாளி காசு கொடுக்கமாட்டார், ஏனென்றால் வாயு பில் வாடகைக்கு இருப்பவர்கள் தலையில். "நாலாவது மாடி வடக்கு வரிசை மட்டும் செய்து பாருங்களேன்" என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மகள் இரண்டு வருஷம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள். போன வாரம் போனில் பேசும்போது இந்தக் கட்டுரை எழுதுவதைச் சொன்னேன். வடக்கு வரிசையில் எட்டுப் பெட்டியை அவர் மாற்றினாராம், பக்கத்துச் சீட்டு அம்மா ஹீட்டரை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாராம். இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை. "பாய்லர்?" என்றேன்.

"அது எரியுதுப்பா, மீதி மாடிக்கு" என்றாள்.